தொட்டால்தான் தெரியும் பள்ளம், வெட்டினால்தான் தெரியும் பிளவு

நார் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்த கார்பன் ஃபைபர் தகட்டின் மேல் ஒரு ஸ்பேனர் கை தவறி விழுகிறது. விழுந்த இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நுனியால் தடவினால் சின்னதாக ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த இடத்தை வெட்டி, தேய்த்து மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். மேலே சிறிதாகத் தொடங்கிய சேதம் கீழே போகப் போக அகன்றிருக்கும். சாய்வாக இறங்கிய ஒவ்வொரு விரிசலும் அடுத்த அடுக்கைத் தொட்டதும் திரும்பி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே படுக்கையாக ஓடியிருக்கும். இதுதான் டிலாமினேஷன், அடுக்குப் பிரிவு.

இழுவிசையில் இது பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. அமுக்குவிசையில்தான் ஆபத்து. ஒரு தகடு நான்கு சம அடுக்குகளாகப் பிரிந்துவிட்டால், அந்த இடத்தில் வளைவைத் தாங்கும் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பிரிந்த அடுக்குகள் தனித்தனியாக நெளியும், பிளவு இன்னும் ஓடும்.

சரி, கணினி மாதிரியில் இதெல்லாம் தானாக வந்துவிடுமா? வராது. மாதிரியில் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமென்ட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். பலர் தகட்டை ஒற்றைத் தாளாக எடுத்துக்கொள்ளும் ஷெல் எலிமென்ட்டில், ஹாஷின் என்ற ஆய்வாளர் 1980-இல் கொடுத்த சேத விதிகளைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த விதிகள் நார் அறுவதையும், நார்களை ஒட்டிப் பிடிக்கும் ரெசின் வெடிப்பதையும் இழுவை, அமுக்கம் என நான்கு வகையாகப் பார்க்கும். அடுக்குகளுக்கு நடுவே பிளவு ஓட அந்த மாதிரியில் இடமே இல்லை. கணினி தரும் வண்ணப் படத்தில் சேதத்தைக் காட்டும் சிவப்பு வரவில்லை என்பதால் தகடு நல்லபடியாக இருக்கிறது என்று எழுதிவிடுவது பெரிய தப்பு.

பிளவு ஓட வேண்டுமென்றால் அடுக்குகளுக்கு இடையில், ஒட்டிய பிடி விடுவதைக் கணக்கிடும் கோஹெசிவ் எலிமென்ட் வைக்க வேண்டும். இங்கேதான் மெஷ், அதாவது எலிமென்ட்டுகளாகப் பிரித்த வலை, காலை வாரும். பிளவு முனைக்கு முன்னால், பொருள் மெல்ல மெல்லப் பிடியை விடும் ஒரு சிறு நீளம் உண்டு. தடிமன் திசையில் விறைப்பு 10 ஜிகாபாஸ்கல், பிளவைத் திறக்கத் தேவைப்படும் பிளவு ஆற்றல் சதுர மீட்டருக்கு 300 ஜூல், அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தின் வலிமை, அதாவது இடைமுக வலிமை 60 மெகாபாஸ்கல் என்று வைத்தால், அந்த நீளம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அதற்குள் குறைந்தது மூன்று எலிமென்ட்டாவது உட்கார வேண்டும். 2 மில்லிமீட்டர் மெஷ் போட்டால் விசைக் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கும், தகடும் உண்மையைவிட வலுவாகத் தெரியும். இடைமுக வலிமையைக் குறைத்து, பிளவு ஆற்றலை அப்படியே வைத்தால் பெரிய மெஷ்ஷிலும் பிளவு ஓடுவதைப் பிடிக்கலாம். ஆனால் பிளவு எங்கே தொடங்கும் என்பதை அந்த மாதிரியிடம் கேட்கக் கூடாது.

அப்புறம், கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவில்லை என்று, அதை நிலைப்படுத்தச் சேர்க்கும் செயற்கைத் தடையான விஸ்காசிட்டியை ஏற்றும் பழக்கம். என்னிடம் சரிபார்க்க வந்த ஒரு மாதிரியில் வளைகோடு வழவழவென்று இருந்தது, தகடு சோதனையில் தாங்கியதைவிட நிறையவே தாங்கியது. ஆற்றல் கணக்கை விரித்துப் பார்த்தேன். பிளவு தின்றிருக்க வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை அந்தச் செயற்கை விஸ்காசிட்டி தின்றிருந்தது. அதைக் குறைத்து, மெஷ்ஷையும் பாதியாக்கி மறுபடி ஓட்டினோம். இரண்டு நாள் எடுத்தது. பிளவு சீக்கிரமே தொடங்கியது, உச்ச விசையும் இறங்கியது.

அதற்குப் பிறகு யார் மாதிரி கொண்டு வந்தாலும் வண்ணப் படத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கேட்பது, இதே இடைமுக எண்களை வைத்து ஒரு முனையில் பிரிந்த இரண்டு பாதிகளை எதிரெதிராக இழுத்துப் பிளக்கும் இரட்டைக் கை உரிப்புச் சோதனையை மாதிரியில் ஓட்டி, அளந்த கோட்டோடு ஒப்பிட்டாயிற்றா என்பதைத்தான்.