ஸ்டார்ட் செய்தால் ஏறிவிடுகிறது என்று விட்டுவிடாதீர்கள்

ஏர் சஸ்பென்ஷன் கார், அதாவது சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பலூன்கள் தாங்கும் கார், காற்று இறங்கி உட்கார்ந்து என்னிடம் வருவதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி திருப்புவனம் பக்கத்திலிருந்து வந்தது. உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். ஏழு வாரமாக ஷெட்டில் நின்றதில் முன்பக்க இடது சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்துவிட்டது. தம்பி ஸ்டார்ட் செய்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் ஏறியிருக்கிறது. அப்படியே மதுரை பெருங்குடி ஏர்போர்ட்டுக்கு எடுத்துப் போய் அண்ணனை அழைத்து வந்திருக்கிறார். நான்கு நாள் இப்படியே ஓடியது. ஐந்தாம் நாள் ஏறவில்லை. பலூனில் இருந்தது நகக்கண் அளவு வெடிப்புதான். ஆனால் அதற்குள் பலூனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கருகி, அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயும் ஒட்டிக்கொண்டது. ஒரு பலூனோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இது.

"ஏண்ணே, மாட்டுத்தாவணியில ஆம்னி பஸ்ஸும்தான் ராத்திரி இறங்கி நிக்குது, காலையில ஏறிக்கிடுதுல்ல?" என்று தம்பி கேட்டார். இதே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். பஸ்ஸின் கம்ப்ரஸரை எஞ்சினே சுற்றுகிறது. பிரேக்குக்கும் காற்று வேண்டும் என்பதால், நாள் முழுக்க உழைக்கிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். காரில் இருப்பது பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். கொஞ்ச நேரம் ஓடி உயரத்தைச் சரிசெய்துவிட்டு ஓய்வெடுக்க வேண்டிய சாமான் அது. கசிவு இருந்தால் திரும்பத் திரும்ப ஓடும், சூடேறும், ஒருநாள் நின்றுவிடும். வண்டி ஏறுகிறது என்றால் கம்ப்ரஸர் இன்னும் சாகவில்லை என்றுதான் அர்த்தம். கசிவு அப்படியேதான் இருக்கிறது. கசிவைப் பார்க்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்துவிட்டேன். புதிதும் அதே வழியில்தான் போகும்.

நாலு மூலையும் சமமாக ஒரு விரற்கடை இறங்கினால் பயப்பட வேண்டாம், காற்று குளிர்ந்தாலே கொஞ்சம் சுருங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பலூனையோ அதன் குழாய் இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையோ பாருங்கள். இரண்டு மூலை சேர்ந்து இறங்கினால் நான் முதலில் ஒவ்வொரு பலூனுக்கும் காற்றைப் பிரித்து விடும் வால்வ் பிளாக்கைத்தான் சந்தேகப்படுவேன். நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து, மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். மடிப்புக்குள் மணல் புகுந்தால் இன்னும் சீக்கிரம். ஷெட்டில் எலி இருந்தால் பிளாஸ்டிக் குழாயையும் பார்த்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும் முன் டேப் எடுத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். குறைந்த மூலையின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை எழும். இதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை. பேட்டரியையும் கவனியுங்கள், சில வண்டிகள் நிற்கும்போதே விழித்து உயரம் சரிபார்க்கும். பேட்டரி இறங்கிவிட்டால் கம்ப்ரஸரும் வேலை செய்யாது.

உட்கார்ந்த வண்டியை ஓட்டாதீர்கள். டயர் மட்கார்டில் உரசும், நசுங்கிய பலூன் கிழியும். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம், பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். என்ன சத்தம் என்று பார்க்க வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி சொல்லிக்கொண்டு இறங்காது. மெக்கானிக்காகவே இருந்தாலும், வண்டி தானாக உயரத்தை மாற்றாமல் நிறுத்தும் ஜாக்கி மோடில் போட்டு, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். வீட்டில் விளையாடும் பிள்ளைகளையும் ஷெட் பக்கம் விடாதீர்கள்.