சங்கீத மகால் சுவருக்கு ஏன் சிமெண்ட் ஆகாது?

தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கும் சங்கீத மகால், நாயக்கர் காலத்துப் பாட்டு அரங்கு. அந்தக் காலத்துக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். இப்படி ஒரு சுவரில் காரை உதிர்ந்தால் சிமெண்ட் பூசி, பழைய நிறத்தையே மேலே அடித்துவிடலாம். பார்க்க அப்படியே இருக்கும், சில மழைக்காலம் வரைக்கும்.

டெல்டா மண் ஈரம் காய்வது அபூர்வம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அது குறையும்போது ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்கிறது. பழைய அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஆகவே செங்கல்லின் நுண்துளைகள் வழியே நீர் தானாகவே மேலே ஏறும், மண்ணிலுள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு. காரையிலும் துளைகள் உண்டு என்பதால் ஏறிய நீர் அதன் வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. வழி அடைபட்ட நீர் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகும். வளரும் படிகத்தின் அழுத்தம் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். வெளியே சிமெண்ட் கம்பீரமாக நிற்கும், உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். கடைசியில் பாளமாக விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும்.

சரி, காரை எப்படி இறுகுகிறது? சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 100 கிலோ சுத்தமான கல் 56 கிலோவாகிவிடும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். மணலோடு அரைத்துப் பூசிய பிறகு, இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. மேல்பரப்புக்கு வாரங்கள், தடித்த சுவரின் உள்பக்கத்துக்கு ஆண்டுகள்கூட ஆகலாம். கெடு தேதியோடு வரும் கான்ட்ராக்டருக்கு இது பிடிக்காத சமாசாரம்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்ப்பது சும்மா சம்பிரதாயம் இல்லை. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும், சாந்து கரணைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். அதே சர்க்கரை சிமெண்டில் விழுந்தால் இறுகுவதே தள்ளிப்போகும். ஆனால் வெல்லத்தை அள்ளிக் கொட்டினால் பாரம்பரியம் ஆகிவிடாது, கலவை கெட்டுப்போகும்.

பாட்டு அரங்கு என்பதால் காதையும் கவனிக்க வேண்டும். தேய்த்து வழவழப்பாக்கிய காரை ஒலியைத் திருப்பி அனுப்பும். கம்பளமும் திரையும் விழுங்கும். ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது அரங்கின் கன அளவையும் ஒலியை உறிஞ்சும் பரப்பையும் பொறுத்தது என்று அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் 1890களிலேயே கணக்கிட்டார். சுவரை அப்படியே வைத்துவிட்டு ஃபால்ஸ் சீலிங் போட்டால் அரங்கின் குரல் மாறிவிடும்.

அதனால் பழுதுபார்ப்பு கரணையோடு தொடங்குவதில்லை. முதலில் சிமெண்டைக் கையுளியால் பெயர்க்க வேண்டும், சுவரைக் காயவிட வேண்டும், ஈரக் காகிதக் கூழை அப்பி உப்பை இழுக்க வேண்டும். அப்புறம் பழைய காரையில் ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். எடை போட்டுச் சலித்தால் கலவை விகிதமும் மணலின் பருமனும் தெரிந்துவிடும். தரங்கம்பாடி பக்கத்துக் கடலோரக் கட்டடமென்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்: மணலில் கிளிஞ்சல் துகள் இருந்தால் அதுவும் அமிலத்தில் கரைந்து, சுண்ணாம்பு அதிகம் என்று கணக்கு பொய் சொல்லும். அங்கே நுண்ணோக்கியிலும் பார்த்துவிட்டுத்தான் கலவை போட வேண்டும்.