முன்னால் ஒன்றுமே இல்லை, பிறகு ஏன் நின்றோம்?

பொங்கல் விடுமுறை முடிந்து விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வண்டி நின்றது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. முன்னால் ஏதோ விபத்து என்று பேசிக்கொண்டோம். கூடுவாஞ்சேரிக்கு முன்பே சட்டென்று வழி விட்டுவிட்டது. சாலையோரம் ஒரு கண்ணாடித் துண்டுகூடக் கிடக்கவில்லை. இவ்வளவு அகலப்படுத்திய பிறகும் எதற்காக நின்றோம்?"

வாசகர் வந்த ஜிஎஸ்டி சாலையின் நெரிசலுக்கு ஊரறிந்த காரணங்கள் நிறைய உண்டு. பரனூர் டோல்கேட், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கே உள்ளே போய் வெளியே வரும் பஸ்கள், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று மூக்கை நீட்டும் வண்டிகள், பண்டிகை முடிந்த ஞாயிறு இரவில் மொத்த ஊரும் ஒரே திசையில் கிளம்புவது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வாசகர் கேட்டிருப்பது இவற்றில் எதுவும் கண்ணில் படாத இடத்தில் வரும் நெரிசலைப் பற்றி.

அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சமதளத்தில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதை. அதில் 22 கார்கள். சிக்னல் இல்லை, சந்திப்பு இல்லை, மேடு பள்ளம் இல்லை, குறுக்கே வர ஆளில்லை, முந்தவும் இடமில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் போகும் காரோடு பாதுகாப்பான இடைவெளி விட்டு ஓட்டுங்கள் என்பது மட்டும்தான் ஓட்டுநர்களுக்குச் சொன்னது.

கொஞ்ச நேரம் எல்லாக் கார்களும் ஒழுங்காகச் சுற்றின. அப்புறம் எங்கோ ஓர் இடைவெளி லேசாகக் குறைந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. சில நிமிடங்களில் நாலைந்து கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அடியோடு நின்றன. வட்டத்தின் மறுபக்கத்தில் மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. யாரும் தவறு என்று சொல்லும்படி எதையும் செய்யவில்லை. ஆனாலும் உண்மையான நெரிசல் ஒன்று வெறும் வட்டத்தில் பிறந்துவிட்டது.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 230 மீட்டரை 22-ஆல் வகுத்தால் ஒரு காருக்கு ஏறத்தாழப் பத்தரை மீட்டர். காரின் நீளம் நாலு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கார்களுக்கு நடுவே ஆறரை மீட்டர்தான் மிச்சம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். அதாவது முன்னால் இருப்பவர் நின்ற இடத்துக்கு நீங்கள் போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பெடலை மிதிக்கவே ஒரு நொடி வேண்டும்.

இப்போது அதே விஷயத்தை நெடுஞ்சாலையில் பாருங்கள். அறுபதில் போகும் வண்டிகளின் வரிசை. ஒருவர் செல்போன் மணி கேட்டோ, பக்கத்து பஸ் கொஞ்சம் சாய்ந்ததாலோ, ஐம்பத்தைந்துக்கு இறங்குகிறார். பின்னால் இருப்பவர் ஒரு நொடி தாமதமாகத்தான் அதைக் கவனிக்கிறார். அந்த ஒரு நொடியில் இடைவெளி சுருங்கிவிட்டது. சுருங்கியதை மீட்க, ஐம்பத்தைந்து போதாது, ஐம்பதுக்கு இறங்க வேண்டும். அவருக்குப் பின்னால் இருப்பவர் நாற்பத்துநாலு. இப்படியே பின்னால் போகப் போக ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் போடுகிறார்கள். இருபதாவது ஆளோ முப்பதாவது ஆளோ முதல் கியரில் வந்து அடியோடு நிற்கிறார்.

வண்டிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தால் கதை வேறு. அதே ஓட்டுநர் அதே ஒரு நொடி தாமதமாகப் பார்த்தாலும், பதற வேண்டிய அவசியமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். அடுத்தவருக்கு அதுகூடத் தேவைப்படாது. நாலாவது வண்டிக்குள் அந்தச் சலனம் அடங்கிவிடும். சாலையில் வண்டிகளின் அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டும் வரை சின்னத் தடுமாற்றங்கள் தானாகச் சாகின்றன. தாண்டிவிட்டால் தானாக வளர்கின்றன.

இந்த நெரிசல் நின்ற இடத்திலேயே நிற்பதும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசை.

வண்டிகள் நின்றுவிட்ட ஒரு கொத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் இருக்கும் வண்டிக்கு முன்னால் வழி திறக்கிறது, அது கிளம்புகிறது. இரண்டாவது வண்டி அதைப் பார்த்து, கிளட்சை விட்டுக் கிளம்ப ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். மூன்றாவதுக்கு இன்னொரு ஒன்றரை நொடி. நின்றுகொண்டிருக்கும் ஒரு கார், முன்னால் விட்ட இடத்தையும் சேர்த்து, சுமார் ஏழரை மீட்டரை அடைத்துக்கொள்ளும். ஆக, ஒவ்வொரு ஒன்றரை நொடிக்கும் கொத்தின் தலை ஏழரை மீட்டர் பின்னால் நகர்கிறது. நொடிக்கு 5 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். அதே நேரத்தில் வாலில் புது வண்டிகள் வந்து நின்று சேர்ந்துகொண்டே இருக்கின்றன. கட்டட வேலையில் செங்கல் கைமாறுவதுபோல, வண்டிகள் முன்னால் போய்க்கொண்டிருக்க, நிறுத்தம் மட்டும் கைமாறிக் கைமாறிப் பின்னால் போகிறது.

சுகியாமாவின் வட்டத்தில் அளந்தபோது இந்த அலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடியது. உண்மையான நெடுஞ்சாலைகளில் அளந்தவர்களுக்கும் 15-லிருந்து 20 வரைதான் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஓடும் காரின் எஞ்சினுக்கும் இந்த வேகத்துக்கும் சம்பந்தமில்லை. மனிதனின் ஒன்றரை நொடித் தயக்கமும் காரின் நீளமும் சேர்ந்து முடிவு செய்யும் எண் அது. காரின் நீளம் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மனிதர்களும் ஒன்றுதான்.

வாசகருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் ஒருவர் போட்ட பிரேக், கலையாமல் நீடித்தால், ஒன்பது பத்து கிலோமீட்டர் பின்னால் இருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அரை மணி நேரம் கழித்து வந்து சேரும். நீங்கள் எதற்காக நின்றோம் என்று எட்டிப் பார்க்கும்போது, காரணகர்த்தா தாம்பரத்தில் வீடு சேர்ந்து குளித்துக்கூட முடித்திருப்பார்.

அந்த முதல் பிரேக்குக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஜப்பானில் விரைவுச்சாலை ஒரு மெல்லிய இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்கு மாறும் இடங்களில்தான் அதிகம் நெரிசல் பிறக்கிறது. ஏற்றம் கண்ணுக்கே தெரியாது, வண்டி தன்னையறியாமல் வேகம் குறையும், அவ்வளவுதான். நம் ஊரில் ஆயுத பூஜைக்கு மறுநாள் நடுரோட்டில் சிதறிக் கிடக்கும் பூசணிக்காய் இன்னும் அருமையாக வேலை செய்யும். டூவீலர் வழுக்குகிறது, பின்னால் வரும் கார் ஒதுங்குகிறது, அதற்குப் பின்னால் பஸ் பிரேக் போடுகிறது. வண்டிக்குத் திருஷ்டி கழித்தவர் கிளம்பிப் போய்விட்டார், அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. நம்பிக்கை அவரவர் விருப்பம். உடைத்ததைக் கூட்டி ஓரமாக அள்ளிப் போடுவதற்கு எந்த சாஸ்திரமும் தடை சொன்னதாகத் தெரியவில்லை.

சரி, சாலையை இன்னும் அகலப்படுத்தினால்? அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற சாலையை 2008 வாக்கில் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 லேன். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடி நீள ஆரம்பித்துவிட்டது. வழி கிடைத்ததும் அதுவரை வராதவர்களும் வந்தார்கள், ஊரும் அந்தப் பக்கமாக வளர்ந்தது. அகலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகலம் எவ்வளவு இருந்தாலும் அடர்த்தி அந்த எல்லையைத் தாண்டினால் அலை பிறக்கத்தான் செய்யும்.

அலை பிறந்தபின் ஓர் அநியாயமும் நடக்கிறது. நன்றாக ஓடும்போது ஒரு லேனில் மணிக்கு 2,000 வண்டிகளாவது போக முடியும். நின்று கிளம்பும் வண்டிகள் அவ்வளவு நெருக்கமாக வெளியேறுவதில்லை. எனவே நெரிசல் உண்டானதும் அதே சாலை முன்பைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் குறைவான வண்டிகளையே கடத்துகிறது. அதனால்தான், சாலையை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே வைத்திருப்பது லாபம். நெடுஞ்சாலைக்குள் வண்டிகள் நுழையும் ஏறுபாதையில் ஒரு சிக்னல் வைத்து, சில நொடிக்கு ஒரு வண்டியாக உள்ளே விட்டால் இது முடியும்.

வரிசையில் காக்க வைக்கிறார்களே என்று மக்களுக்குக் கோபம் வரும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வந்தது. இது உண்மையிலேயே பயன்படுகிறதா என்று பார்க்க, மினியாபொலிஸ் பகுதியில் இருந்த சுமார் 430 ஏறுபாதை சிக்னல்களையும் 2000-ஆம் ஆண்டு சில வாரங்களுக்கு அணைத்து வைக்கச் சொன்னது அந்த மாநிலச் சட்டமன்றம். விளைவு: நெடுஞ்சாலை கடத்திய வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. சிக்னல்களை மறுபடி போட்டுவிட்டார்கள். ஒரு கொள்கை பயன்படுகிறதா என்பதை நிறுத்திப் பார்த்து அளந்த இந்தச் சட்டமன்றத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இதையெல்லாம் அப்படியே ஜிஎஸ்டி சாலைக்குக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஒரு வண்டிக்குப் பின்னால் ஒரு வண்டி என்ற வரிசைக்கானவை. நம் சாலையில் லேன் என்பது பெயின்ட் மட்டும். ஒரு காருக்குப் பின்னால் இரண்டு பைக், பக்கவாட்டில் ஓர் ஆட்டோ, நடுவே கிடைத்த சந்தில் இன்னொரு ஸ்கூட்டர். இதற்கான சூத்திரத்தை நாமேதான் அளந்து எழுத வேண்டும். அப்படி அளந்தும் இருக்கிறார்கள். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் எடுத்த வீடியோவிலிருந்து, ஏறத்தாழ மூவாயிரம் வண்டிகள் ஒவ்வொன்றும் எந்த நொடியில் எங்கே இருந்தது என்று குறித்து 2015-இல் வெளியிட்டார்கள். கலப்புப் போக்குவரத்தை ஆராயும் வெளிநாட்டவர்களும் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு பாலம், அதுவும் கொஞ்ச நேரம்தான். ஒரு மேம்பாலத்துக்குக் கோடிகளை ஒதுக்கும்போது, அதில் நூற்றில் ஒரு பங்கை இப்படி அளப்பதற்கு ஒதுக்கினால், கிளாம்பாக்கம் வாசலில் எந்த சர்வீஸ் ரோடு திறப்பை மூடலாம், எதைத் திறந்து வைக்கலாம் என்பதை ஊகிக்காமல் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

ஓட்டுபவர் கையில் இருப்பது இடைவெளி. அமெரிக்காவின் டூசான் நகரில் சுகியாமாவின் வட்டத்தைப் போலவே இன்னொன்றை அமைத்து, இருபது சொச்சம் கார்களில் ஒன்றே ஒன்றை மட்டும் கணினிக் கட்டுப்பாட்டில் விட்டார்கள். அந்தக் கார் செய்ததெல்லாம், இடைவெளி திறந்ததும் பாய்ந்து மூடாமல், சராசரி வேகத்திலேயே நிதானமாகப் போனதுதான். அலை அடங்கிவிட்டது. எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது.

"இடைவெளி விட்டால் ஷேர் ஆட்டோ வந்து நுழைந்துவிடுமே" என்பீர்கள். நுழையும். நுழைந்த ஒருவரால் உங்களுக்கு நஷ்டம் ஒரு வண்டி கடக்கும் நேரம், சுமார் இரண்டு நொடி. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வருவதற்குள் முப்பது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம்தான்.

பக்கத்து லேன்தான் எப்போதும் வேகமாகப் போகிறது என்று தோன்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1999-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். உங்கள் லேன் வேகமாக ஓடும்போது வண்டிகள் விரிந்து கிடக்கும் என்பதால் நீங்கள் பத்து பேரைச் சில நொடிகளில் தாண்டிவிடுவீர்கள். நீங்கள் நெருக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அதே பத்து பேர் உங்களைத் தாண்ட நிமிடக்கணக்கில் ஆகும். இரண்டு லேனும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும், பயணத்தின் பெரும்பகுதி தோற்றுக்கொண்டிருப்பதாகவே தெரியும். அது பொறுக்காமல் இண்டிகேட்டரைப் போட்டு அந்தப் பக்கம் தாவுகிறோம், தாவிய இடத்தில் பின்னால் வந்தவர் பிரேக் போடுகிறார்.