விர்ச்சுவல் ஃபீல்டு டிரிப்: தமிழில் என்ன சொல்வது?

பாடக்குறிப்பில் ‘விர்ச்சுவல் ஃபீல்டு டிரிப்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். தலைமையாசிரியர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் ‘தமிழில்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். நாலாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்துக்கு எழுதிய குறிப்பு அது.

எங்கள் பள்ளி கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் போவதையே ‘கீழே போறோம்’ என்று பெரிய சேதியாகச் சொல்கிறவர்கள். அவர்களை வகுப்பிலேயே உட்காரவைத்து, காணொளி, நாலாபக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய 360 பாகைப் படம், நேரலை அழைப்பு என்று ஏதோ ஒன்றின் வழியாகத் தூரத்து இடத்துக்குக் கூட்டிப்போவதுதான் இந்தச் சொல்லின் பொருள். சும்மா படம் போட்டுக் காட்டுவது இதில் சேராது. பயணம் என்றால் கிளம்பும்முன் எங்கே போகிறோம், எதைத் தேடப்போகிறோம் என்ற பேச்சு இருக்கும். நடுவில் நின்று நின்று பார்ப்பது இருக்கும். திரும்பி வந்தால் வீட்டில் சொல்ல ஏதாவது இருக்கும். இவை இல்லையென்றால் அது டிவி.

மூன்று சொல்லில் தகராறு பிடித்தது முதல் சொல்தான். ‘விர்’ என்றால் லத்தீனில் ஆண். அதிலிருந்து ‘விர்ட்டூஸ்’ வந்தது: ஆண்மை, வீரம், ஆற்றல். நம்மிடம் ஆணிலிருந்து ஆண்மை வந்த மாதிரியேதான். பிறகு, ஒரு பொருளின் ஆற்றல் எதனிடம் இருக்கிறதோ அதைக் குறிக்கும் அடைமொழியாகி, ஆங்கிலத்துக்கு வந்தபின் ‘உருவில் அதுவல்ல, ஆனால் அதன் வேலையைச் செய்யும்’ என்ற பொருளில் நிலைத்தது. 1950களின் கடைசியில் கணினிக்காரர்கள் நினைவகத்தைச் சொல்ல இதை எடுத்துக்கொண்டார்கள். 1980களில் ஜேரன் லேனியர் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் ‘விர்ச்சுவல் ரியாலிட்டி’ என்ற பெயரைப் பரப்பினார். வீரத்தில் தொடங்கிய சொல் திரையில் வந்து உட்கார்ந்த கதை இது.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். பள்ளி இயற்பியலில் கண்ணாடிக்குள் தெரிவதை மாய பிம்பம் என்று படித்தோமே, அந்த ‘மாய’தான். திரையில் பிடிக்க முடிந்தது மெய் பிம்பம், முடியாதது மாய பிம்பம். இந்தக் கணக்கில் புரொஜக்டரிலிருந்து சுவரில் விழும் கடல் மெய் பிம்பமாகிவிடும். இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ‘மாயப் பயணம்’ என்று சொன்னால் பிள்ளைகள் பறக்கும் கம்பளத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். நாம் கூட்டிப்போகும் இடமோ உண்மையிலேயே இருக்கிற இடம். அதனால் மாய வேண்டாம்.

இப்போது பரவலாக இருப்பது மெய்நிகர். நிகர் என்றால் ஒப்பு, சமம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறோமே, அதே நிகர்தான்: பல்கலைக்கழகம் என்று கருதத்தக்கது. மெய்யோ இரட்டைப் பொருள் கொண்டது. மெய்ப்பொருள், மெய்யாலுமா என்னும்போது உண்மை. மெய்க்காப்பாளர், மெய்சிலிர்த்தது என்னும்போது உடம்பு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளைச் சொல்லும்போதும் முதலில் வருவது உடம்பு என்ற மெய்தான். தொல்காப்பியமும் ஓரறிவு உயிரின் அறிவாகத் தொட்டறிவதைத்தான் சொல்கிறது. மற்ற அறிவெல்லாம் அதற்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்வது.

ஆங்கிலச் சொல் மூடிவைத்ததைத் தமிழ்ச் சொல் இங்கே போட்டு உடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். திரை கண்ணுக்கும் செவிக்கும் தீனி போடும். மெய்க்கும் மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றும் கிடையாது. மெய்நிகர் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் அங்கே இல்லாமல் போவது மெய்யேதான். அந்தக் குறையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருப்பதால் எனக்கு இந்தச் சொல்லைப் பிடித்துப்போயிற்று.

மற்ற இரண்டும் எளிது. ஃபீல்டு என்றதும் வயலுக்குப் போக வேண்டாம். நெற்களம், போர்க்களம் என்று வேலை நடக்கும் இடத்துக்கு நம்மிடம் களம் இருக்கிறது. களப்பணியும் அதிலிருந்து வந்ததுதான். டிரிப்புக்குப் பயணம் போதும். ஜீப்காரர் ‘ரெண்டு டிரிப் அடிச்சாச்சு’ என்றால் நடை, ஆஸ்பத்திரியில் ‘டிரிப்ஸ் ஏத்துனாங்க’ என்றால் அது வேறு சமாச்சாரம். கல்விச் சுற்றுலா என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் சுற்றுலா என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வருவது புளிசாதப் பொட்டலமும், கொண்டை ஊசி வளைவில் ஜன்னலோரம் வாந்தியும், மூக்கருகே பிடித்த எலுமிச்சம்பழமும்தான். களப்பயணத்தில் வேலை இருக்கும் வாடை அடிக்கிறது. ஆகவே மெய்நிகர் களப்பயணம். பாடக்குறிப்பில் திருத்தி எழுதினேன், கையெழுத்து விழுந்தது.

அப்புறம் பயணம். பாடம் ஐந்திணை. குறிஞ்சியில் பிறந்ததுகளை நெய்தலுக்குக் கூட்டிப்போக வேண்டும். மெய்க்கு என்ன செய்வது என்று யோசித்து, ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துவைத்தேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதே அளவுக்கு நிறுத்துப் போட்டோம். மூக்குக்கு நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அலைக்காட்சி ஓடும்போது ஒவ்வொருவரும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். முகம் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே! கருவாடு மட்டும் எடுபடவில்லை. “இது கடல் வாசமில்ல டீச்சர், மார்க்கெட் வாசம்” என்று ஒரு பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

படத்தை நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “அந்தப் பக்கம் மலையே இல்லையா டீச்சர்?” என்றான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவும் மேடும் பார்த்து வளர்ந்தவனுக்கு அலையும் கப்பலும் பெரிதாகப் படவில்லை, எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததுதான் உறுத்தியிருக்கிறது. அடிவானம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கரும்பலகையில் எழுதினேன். நல்ல கேள்வி வந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட வேண்டும். மிச்சம் நாளைக்கு ஓடட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் எப்படியும் சாக்பீஸ் பறக்க ஆரம்பித்துவிடும்.

கருவிக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். அட்டைக் கண்ணாடி மாட்டி ஊர் சுற்றிக்காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021இல் மூடப்பட்டது. அதை நம்பிப் பாடம் தயாரித்துவைத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். தலையில் மாட்டும் கருவிகளுக்கு அவற்றைச் செய்யும் நிறுவனங்களே வயது வரம்பு வைத்திருக்கின்றன. தொடக்கப்பள்ளிக்கு ஒரு திரையும் ஒரு ஸ்பீக்கரும் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. நடந்து போகக்கூடிய இடத்துக்கு மெய்நிகர் வேண்டாம். பள்ளிக்குப் பின்னால் சோலை இருக்கும்போது சோலைக்காட்டைத் திரையில் காட்டுவது, இந்த மலையிலேயே பறித்துத் தின்னக்கூடிய தவிட்டுப்பழத்தைப் படத்தில் காட்டுகிற மாதிரி. காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு நேரே போய்விடலாம். குறிஞ்சிப்பூ வேறு கதை. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் மலை நீலமானபோது இப்போதைய நாலாம் வகுப்புக்கு நினைவு தெரியாது, அடுத்தது 2030. சொந்த மலையின் பூவுக்கே இவர்கள் மெய்நிகர் பயணம்தான் போகவேண்டியிருக்கிறது. இங்கே தூரம் கிலோமீட்டரில் இல்லை, வருஷத்தில் இருக்கிறது.

போன மாதம் இராமநாதபுரம் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றோடு நேரலையில் பேசினோம். அவர்கள் வலை உலர்த்துவதைக் காட்டினார்கள், நண்டு வளையைக் காட்டினார்கள். எங்கள் முறை வந்தது. மூடுபனியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். வாகாக அன்றைக்கு நல்ல மூட்டம். போனை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பிடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல்: “டீச்சர், வீடியோ நின்னு போச்சு. வெள்ளையா இருக்கு.”

நிற்கவில்லை, இதுதான் பனி என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் எங்கள் கடைசி பெஞ்சுக்காரன் போனுக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து ஹா என்று ஊதினான். ஆவி புகையாகப் போய் லென்ஸில் படிந்தது. அங்கே வகுப்பே கத்திவிட்டது.