தோப்ப விக்கறதுக்கு முன்னாடி பையனோட விசா என்னன்னு பாருங்க

கொழிஞ்சாம்பாறைல ஆடிட்டர் ஆபீஸ் வெச்சிருக்கேன். சித்தூர் தாலுகா தமிழ்க்காரங்களும் வருவாங்க, கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்தும் வருவாங்க. கொஞ்ச வருஷமா அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: "பையன் அமெரிக்காவுல சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கறானுங்க சார், தோப்புல ரெண்டு ஏக்கர் வித்து அனுப்பணும், எப்படி அனுப்பறதுங்க?" ஆதாரம் (நிலப் பத்திரம்), கரம் அடைச்ச ரசீது எல்லாம் பையில எடுத்துட்டே வந்திருப்பாங்க. நான் முதல்ல கேக்கறது, தம்பி எந்த விசால இருக்காருங்கறதுதான். பாதிப் பேருக்குத் தெரியாது, போன் போட்டுக் கேட்டா பையனே "அது பிரச்சினை இல்ல சார், கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிடுச்சு"ம்பான்.

அங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. டெலவேர்ங்கற அமெரிக்க மாநிலத்துல கம்பெனி பதியறதுக்கு அமெரிக்காவுல குடியிருக்கக் கூட வேண்டாம், இங்க கொழிஞ்சாம்பாறைல உக்காந்துட்டே பதியலாம். ஆனா அந்தப் பேப்பர் அங்க வேலை பாக்கற அனுமதி கிடையாது. லாரி உங்க பேர்ல இருக்கலாம், அத ஓட்ட லைசென்ஸ் வேற வேணும்ல, அப்படித்தான். ஐரோப்பாவுல எஸ்டோனியா 2014ல கொண்டு வந்த, ஆன்லைன்லயே கம்பெனி நடத்த அடையாளம் குடுக்கற இ-ரெசிடென்சியும் இதே கதைதான், பேர்ல ரெசிடென்சி இருக்கறதால அங்க போய் குடியிருக்கலாம்னு நெனச்சு வர்றவங்க இருக்காங்க, அது விசாவே இல்ல.

அமெரிக்காவுல வேலை பாக்கறதுக்கான எச்1பி விசாவ எடுத்துக்குங்க. அது ஒரு முதலாளி பேர்ல வர்றது. அந்தத் தம்பி இன்னொரு கம்பெனில பங்கு வெச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா ராத்திரி உக்காந்து அந்தக் கம்பெனிக்கு கோட் எழுதறது, கஸ்டமர்கிட்ட பேசறது எல்லாம் வேலை. "சம்பளமே எடுக்கல சார்"னு சொல்றாங்க, சம்பளம் வாங்காட்டியும் அத அனுமதியில்லாத வேலைன்னு அதிகாரிங்க எடுத்துக்க முடியும், பின்னாடி கிரீன் கார்டு சமயத்துல வந்து நிக்கும். 2025 ஜனவரி 17ல இருந்து ஒரு வழி தெளிவா வந்திருக்கு, தன்னோட சொந்தக் கம்பெனி மூலமாவே எச்1பி போடலாம், பெரும்பங்கு அவரோடதா இருந்தா முதல் அனுமதியும் முதல் நீட்டிப்பும் 18 மாசம் 18 மாசம்தான் கிடைக்கும். நல்ல வழி, ஆனா வக்கீல் வெச்சு முறையா பண்ணணும். வேலை போயிடுச்சுன்னா அதிகபட்சம் 60 நாள் டைம், அந்த 60 நாள்ல ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சு விசாவும் மாத்திரலாம்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு நம்பி தோப்ப வில பேசாதீங்க.

படிச்சு முடிச்சு ஓபிடில (மாணவர் விசாலயே கொஞ்ச காலம் வேலை பாக்கற அனுமதி) இருக்கற புள்ளைங்களுக்கு முதல் 12 மாசம் படிச்ச படிப்பு சம்பந்தமா சொந்தத் தொழில் பண்ண இடம் இருக்கு. அதுக்கப்புறம் வர்ற 24 மாச ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி, என்ஜினியரிங், கணக்குப் படிப்புக்கான) நீட்டிப்புல தனக்குத் தானே முதலாளியா இருக்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாம ஓராண்டு முடிஞ்சதும் தடுமாறுன குடும்பத்த நான் பாத்திருக்கேன், பணம் போனதவிட அந்தப் பையன் முகம்தான் இன்னும் கண்ணுல நிக்குது.

இன்னொண்ணு, ஏஜென்ட்டுங்க. "ஒரு லட்சம் டாலர் போடுங்க, இ-2 இன்வெஸ்டர் விசா வாங்கித் தர்றோம்"னு சொல்றவங்க வர்றாங்க. இ-2 அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்ட நாட்டுக்காரங்களுக்கு மட்டும், இந்தியா அதுல இல்ல. இந்தியன் பாஸ்போர்ட் வெச்சு அது கிடைக்காது. இங்கயே கம்பெனி நடத்தறவங்களுக்கு, இங்க இருந்து அதே கம்பெனியோட அமெரிக்க ஆபீசுக்கு மாறிப் போற எல்-1 விசா ஒரு வழி, ஆனா கடைசி 3 வருஷத்துல ஒரு வருஷமாவது இந்தக் கம்பெனில தொடர்ந்து வேலை பாத்திருக்கணும், மேனேஜர் மாதிரி பொறுப்புலயோ இந்தக் கம்பெனிக்கே உண்டான தனி அறிவோடயோ இருக்கணும், புது ஆபீஸ்னா முதல்ல ஒரு வருஷம்தான் தருவாங்க.

பங்கு கொஞ்சம் கொஞ்சமா கைக்கு வர்ற மாதிரி எழுதி, அமெரிக்க வரி கட்டற தம்பிங்க, பங்கோட இப்பத்த மதிப்புக்கே வரி கட்டிடறேன்னு சொல்ற 83பின்னு ஒரு பேப்பர, பங்கு குடுத்த 30 நாளுக்குள்ள அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பணும். தவறுனா திரும்ப வாய்ப்பில்ல.

இனி பணத்துக்கு வர்றேன். இங்க இருக்கற ஒரு ஆள் எல்ஆர்எஸ்ல (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வெச்சிருக்கற திட்டம்) நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம். 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டி வாங்கற வருமான வரி, பிடிக்கும். 40 லட்சம் அனுப்பறீங்கன்னா 6 லட்சம் தனியா கையில வேணும், ரிட்டர்ன் போட்டா கழியும் இல்ல திரும்ப வரும், ஆனா அதுவரைக்கும் முடங்கும். இத யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, கடைசி நாள் பேங்க்ல நின்னுட்டு எனக்கு போன் வரும்.

பையனோட சொந்தக் கணக்குக்கு கிப்டா அனுப்பி அவரு கம்பெனில போட்டா ஒரு கணக்கு. அப்பாவே நேரா கம்பெனி கணக்குக்கு அனுப்பி பங்கு வாங்கினா அது வெளிநாட்டு முதலீடு, 2022 விதிப்படி பேங்க் வழியா பாரம் எப்சி குடுக்கணும், 10 சதவீதமோ அதுக்கு மேலயோ வெச்சிருந்தா வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ரிப்போர்ட் போடணும். எழுபது வயசு அப்பா தன் பேர்ல இப்படி ஒரு சுமை இருக்குன்னே தெரியாம இருக்கறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்ல. பங்கு வேண்டாம்னா கிப்டே போதும்ங்கறது என்னோட அபிப்ராயம்.

அப்புறம் ஜாயின்ட் அக்கவுண்ட். அப்பா டெபாசிட்ல பையன் பேரும் சேர்ந்திருக்கும், பையன் அங்க வரி ரெசிடென்ட் ஆயிட்டா வெளிநாட்டுக் கணக்கெல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாள் 10,000 டாலர் தாண்டினாலும் எப்பார்ங்கற (FBAR) அமெரிக்க பாரம்ல காட்டணும், பணம் அப்பாவோடதா இருந்தாலும் சரி. பையனோட சேவிங்ஸ் கணக்கையும் இங்க வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓ கணக்கா மாத்தியாகணும்.

நிலத்தப் பத்தி சொல்லாம விட முடியல. என்ஆர்ஐ ஆன பையன் இந்தியாவுல விவசாய நிலம் வாங்க முடியாது. கம்பெனி நல்லா ஓடி கோடி சம்பாதிச்சாலும் அப்பா வித்த அதே தோப்ப தன் பேர்ல திரும்ப வாங்க விதி விடாது. உயிரோட இருக்கறப்ப இஷ்டதானமா (தானப் பத்திரமா) எழுதிக் குடுக்கறதும் முடியாது, வாரிசாவோ ஒஸ்யத்து (உயில்) மூலமாவோதான் சேரும். போன மாசம் வேலந்தாவளத்துல இருந்து வந்த ஒரு அய்யாவுக்கு இதச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசல. அப்புறம் வீட்டம்மாகிட்ட "கெணத்தோட இருக்கற பக்கத்த தொட வேண்டாம்"னாரு.

வர்றவங்க ஆதாரத்தோட பையனோட விசா அப்ரூவல் நோட்டீஸ் போட்டோ ஒண்ணு, கம்பெனில யாருக்கு எத்தன பங்குன்னு எழுதுன பேப்பர் ஒண்ணு, ஜாயின்ட் கணக்கு பாஸ்புக் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பையனையும் போன்ல இருக்கச் சொல்லுங்க, அங்க விடியறதுக்குள்ள கேக்க வேண்டிய கேள்வி நெறைய இருக்கும்.