மலட்டுத்தன்மை என்று எழுதுவதை நிறுத்துவோம்

தொலைக்காட்சியின் காலை நேர மருத்துவ நிகழ்ச்சி ஒன்றில், இரண்டாவது பிள்ளைக்காக ஓராண்டுக்கு மேலாகக் காத்திருக்கும் ஒரு பெண் சந்தேகம் கேட்டார். நெறியாளர் அதை ‘மலட்டுத்தன்மை பற்றிய கேள்வி’ என்று மருத்துவரிடம் எடுத்துக் கொடுத்தார். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்ப்பவர் எப்படி மலடு ஆவார்? இன்ஃபெர்டிலிட்டி என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் யோசிக்காமல் இதையே போடுகிறார்கள். நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் இதே கதைதான்.

மூலச் சொல்லில் சிக்கல் இல்லை. இலத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், தாங்குதல். அதிலிருந்து விளைச்சல் தருவதைக் குறிக்கும் ‘ஃபெர்டிலிஸ்’ வந்தது. நிலத்துக்கும் அதே சொல்தான். மருத்துவத்தில் இதற்குத் திட்டமான வரையறை உண்டு. கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதங்களோ அதற்கு மேலோ முறையாக உடலுறவு கொண்டும் கரு தங்காத நிலையை, ஆண் அல்லது பெண் இனப்பெருக்க மண்டலத்தின் நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாழ்நாளில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் இதைச் சந்திக்கிறார் என்று 2023-இல் அது அறிக்கை வெளியிட்டது.

‘மலடு’ சொல்வது வேறு. முயற்கொம்பு, ஆகாயத் தாமரை என்ற வரிசையில் வேதாந்த நூல்கள் மலடி மகனையும் வைக்கும். ஒருபோதும் இருக்க முடியாத பொருளுக்கு அது எடுத்துக்காட்டு. அத்தனை முடிவான சொல்லை, சினைப்பை நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிட்டு அடுத்த ஆண்டே தாயாகக்கூடிய பெண்ணின் மீது எப்படி வைப்பது? கோவேறு கழுதைக்கு அது பொருந்தும். வீரிய ஒட்டு நெல் பற்றிப் பேசும் வேளாண் அறிஞர்கள் ‘ஆண் மலடு’ என்பதும் சரியே. ஆங்கிலத்தில் அங்கே இருக்கும் சொல் ஸ்டெரிலிட்டி. இரண்டு சொற்களையும் ஒன்றாக்கியது மொழிபெயர்ப்பாளர்களின் அசட்டை. இத்தனைக்கும் ஸ்டெரிலைசேஷன் என்பதை ‘மலடாக்கல்’ என்று எழுதாமல் ‘கருத்தடை அறுவை சிகிச்சை’ என்று எழுதும் நிதானம் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. மேலும், மலடன் அகராதியோடு சரி. தெருவிலும் திண்ணையிலும் வசையாகப் புழங்கியது மலடி மட்டும்தான். ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கும் ஒரு நோய்க்கு இந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

இதற்கு மாற்றாக இப்போது செழித்திருப்பது ‘குழந்தையின்மை’. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் எல்லாம் ‘குழந்தையின்மை சிகிச்சை மையம்’. புண்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நோயின் பெயர் அன்று, குடும்ப நிலைமையின் பெயர். பிள்ளை வேண்டாம் என்று தீர்மானித்த தம்பதியருக்கும் குழந்தையின்மை உண்டு, அவர்களுக்கு நோய் இல்லை. மணமாகாதவருக்கும் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் அந்த நிலை உண்டு. முதல் பிள்ளைக்குப் பின் கரு தங்காதவருக்கு நோய் இருக்கிறது, குழந்தையின்மை இல்லை. தத்தெடுத்தவர்கள் குழந்தையோடுதான் இருக்கிறார்கள். கருக்குழாய் அடைப்பு அப்படியே இருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் ஒழுகும் ஒரு சொல்லைக் கலைச்சொல் என்று எப்படி ஏற்பது? போதாக்குறைக்கு ‘ஆண் குழந்தையின்மை’ என்று ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். ஆணுக்கு உள்ள குறையைச் சொல்ல வந்தார்கள். மகன் பிறக்கவில்லையே என்று ஏங்குபவர்களுக்கான சிகிச்சை போல அல்லவா ஒலிக்கிறது! கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது சட்டப்படி குற்றமான நாட்டில் இந்த மயக்கம் சாதாரணமானதன்று.

‘கருவுறாமை’ நோய்க்கு நெருங்கி வருகிறது, ஆனால் கருவுறுபவள் பெண். ஆணுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

ஈழத் தமிழர் ஃபெர்டிலிட்டிக்குக் ‘கருவளம்’ என்று எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். வளம் நிலத்துக்கும் உண்டு, உயிருக்கும் உண்டு. இலத்தீன் சொல்லின் பொருளை அப்படியே தாங்குகிறது. வளம் குறையும், கூடும், திரும்பவும் வரும். ஆகவே இன்ஃபெர்டிலிட்டி ‘கருவளக் குறைவு’. ஆண் கருவளக் குறைவு, பெண் கருவளக் குறைவு என்று தடையில்லாமல் சொல்லலாம். முதல் பேறு நடந்த பின் வருவதை ‘இரண்டாம் நிலை மலட்டுத்தன்மை’ என்கிறார்கள். புற்றுநோயின் இரண்டாம் கட்டம் போல நோயாளிகள் பயப்படுகிறார்கள். ‘பேற்றுக்குப் பிந்தைய கருவளக் குறைவு’ என்றால் கேட்டதும் விளங்கும்.

ஆண்களுக்கு நடக்கும் அநியாயம் இன்னொன்று. விந்தணு குறைவாக இருப்பதை ‘ஆண்மைக்குறைவு’ என்று எழுதுகிறார்கள். ஆண்மைக்குறைவு என்று ஊர் புரிந்துகொள்வது விறைப்பின்மையை. இரண்டும் வேறு வேறு. உடலுறவில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கு விந்தணுவே இல்லாமல் இருக்கலாம், குழாய் அடைத்திருந்தால் அப்படி ஆகும். ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1.6 கோடி அணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழ் எல்லையாகக் காட்டுகிறது. இது எண்ணிக்கை பற்றிய செய்தி, ஆண்மை பற்றியதன்று. இந்தச் சொல்லுக்கு அஞ்சியே பல கணவர்கள் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்கள், ஊசியும் ஸ்கேனும் மனைவிக்கே வாய்க்கின்றன. கருத்தடையிலும் இதே அச்சம் நிழலாடுகிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு.

அதே கணக்கெடுப்பை வைத்து, ‘தமிழகத்தில் கருவுறுதல் திறன் 1.8 மட்டுமே’ என்று தலைப்பு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்ணின் உடல் கெட்டுவிட்டது போலப் படிப்பவர் பதறுகிறார். மக்கள்தொகையியலில் அந்த எண் உடலின் திறனைக் குறிக்காது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்ற கணக்கு அது. படிப்பு, வேலை, தாமதத் திருமணம், இரண்டு போதும் என்ற முடிவு எல்லாம் சேர்ந்த எண். அதற்கு ‘பிள்ளைப்பேற்று வீதம்’ என்று எழுதுங்கள், திறனைச் சொல்லும்போது மட்டும் கருவளம் என்று எழுதுங்கள்.