மதகுருவின் கடிதம் எதற்கு?

சட்ட மாணவர்களை நான் மேற்பார்வையிடும் கிளினிக்கில் இந்தப் பருவத்திலும் அதே கடித வரைவு என் பார்வைக்கு வந்துவிட்டது. சிறையில் தாடி வளர்க்க அனுமதி கோரும் கட்சிக்காரருக்காக, தாடி மார்க்கக் கடமைதான் என்று உறுதிப்படுத்தித் தரும்படி ஓர் இமாமுக்கு மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். அதை அனுப்ப வேண்டாம் என்று நிறுத்திவைத்தேன். இமாம் "கட்டாயமில்லை" என்று பதில் எழுதினால், எதிர்த்தரப்பின் கையில் நாமே ஆயுதம் கொடுத்தவர்கள் ஆவோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கியதைப் போன்ற மத சுதந்திர சட்ட கிளினிக்குகளில், மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மையான வழக்குகளையே கையாளுகிறார்கள். அங்கே நான் ஓயாமல் திருத்த வேண்டியிருப்பது, ஒரு மதத்தில் எது கட்டாயம் என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும் என்ற எண்ணத்தைத்தான். 1954ஆம் ஆண்டின் சிரூர் மடம் வழக்கிலிருந்து வளர்ந்த 'இன்றியமையாத மத வழக்கம்' என்ற அளவுகோலை (மதத்துக்கு இன்றியமையாதது என்று நீதிமன்றம் ஏற்கும் வழக்கத்துக்கே பாதுகாப்பு என்பதை) இந்தியாவில் படித்துவிட்டு வருபவர்களிடம் இது இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் போக்கு வேறு. பீரங்கி வண்டிக்கான பாகங்களைச் செய்ய மறுத்து வேலையை விட்ட யெகோவாவின் சாட்சி ஒருவரின் வழக்கில், அதே ஆலையிலிருந்த அதே மதத்தவர் ஒருவருக்கு அந்த வேலையில் உறுத்தல் இருக்கவில்லை. ஆயினும் ஒரு மதத்தார் அனைவரும் ஏற்கும் நம்பிக்கைக்கு மட்டுமே பாதுகாப்பு என்பதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் தெளிவாக்கியது. கைதிகளின் வழிபாட்டுரிமையைக் காக்கும் 2000ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமோ, மதம் கட்டாயப்படுத்தாத செயலுக்கும் பாதுகாப்பு உண்டு என்று தன் வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. அர்க்கன்சாஸ் கைதி ஒருவர் அரை அங்குலத் தாடிக்காகத் தொடுத்த வழக்கில், எல்லா முஸ்லிம்களும் தாடியைக் கட்டாயமாகக் கருதுவதில்லை என்ற கீழமை நீதிமன்றத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2015இல் ஒருமனதாக ஒதுக்கியது. தோல் நோய் உள்ளவர்களுக்குக் கால் அங்குலத் தாடியை அனுமதித்த அதே சிறை நிர்வாகம்தான் இவருக்கு மறுத்திருந்தது என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். விதிவிலக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவது நம் தொழிலில் பாதி வேலை.

ஆகவே, கட்சிக்காரரின் மதத்தை இணையத்தில் படித்துவிட்டு வந்து அவரையே திருத்தாதீர்கள். இந்த வழக்கம் அவருக்கு என்ன, எப்போதிலிருந்து கடைப்பிடிக்கிறார், மறுக்கப்பட்டபோது என்ன செய்தார் என்று கேளுங்கள். நம்பிக்கையைப் பொறுத்தவரை, அது மத நம்பிக்கையா, உளமார்ந்ததா என்பது மட்டுமே கேள்வி. அதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். உங்களுக்கு அழகாகத் தோன்றும் இறையியலை அவர் வாயில் திணிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

தேதிகளில் அலட்சியம் கூடவே கூடாது. சிறைக்குள் இருக்கும் புகார் நடைமுறையை முழுவதும் முடிக்காமல் கைதி கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அந்த நடைமுறைக்குள் மேல்முறையீடு செய்வதற்கான அவகாசமோ பெரும்பாலும் சில நாட்கள்தான். வேலையிடப் பாகுபாடு என்றால், சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள், பல மாநிலங்களில் 300 நாட்களுக்குள், புகார் பதிவாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே மறுப்புக் கடிதத்தின் நகலை வாங்கி, கடைசி நாளைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.